மாடத்து டம்ளர்: வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில், ஒரு காலத்தில் ஓட்டல் வாசல்களில் தொங்கிய 'பிராமணாள் காபி கிளப்' பலகையைப் பற்றியும், எங்கள் ஊர் அக்கிரகாரத்து வீடு ஒன்றைப் பற்றியும் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இருபத்திரண்டு கடிதங்கள். முப்பத்தேழு வருடம் தபால் ஆபீஸில் உத்தியோகம் பார்த்தவனுக்குக் கடிதம் என்றால் சந்தோஷம்தான். ஆனால் பாதிப்பேர் என் ஜாதியைக் கேட்டிருக்கிறார்கள், மீதிப்பேர் அதை அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். சரி, இந்த இதழ் முழுக்க இதே சங்கதி. மூட்டு வலிக்குக் கைவைத்தியம் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: என் மகனைக் கல்லூரியில் 'பாப்பான்' என்று சீண்டுகிறார்கள். தட்டிக் கேட்டால் 'உங்க தாத்தா பண்ணினதுக்கு' என்கிறார்களாம். அவன் தாத்தா பள்ளிக்கூட வாத்தியார், எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவர். எங்கிருந்து வந்தது இந்த வெறுப்பு? (வாசகி, ஸ்ரீரங்கம்)

பதில்: உங்கள் மகன் ஒன்றும் செய்யவில்லை அம்மா. சீண்டுகிற பையன் யாரோ எப்போதோ வைத்த கடனை ஆள் தெரியாமல் வசூலிக்கப் பார்க்கிறான். ஆனால் கடன் என்று ஒன்று இருந்தது. எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து சொல்கிறேன்.

குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். அக்கிரகாரத்து வீடு ஒன்றின் நிலத்தில் ஆறு மா, அதாவது சுமார் இரண்டு ஏக்கர், அப்பா குத்தகைக்குச் செய்தார். அறுப்பு முடிந்து நெல் அளக்கப் போகும்போது நானும் கூடப் போவேன். எனக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது. வாசல் வழியாகப் போனதே இல்லை. பக்கத்துச் சந்தில் புகுந்து கொல்லைக்குப் போவோம். மரக்கால் மரக்காலாக அளந்து கொட்டி முடித்ததும், அந்த வீட்டுப் பாட்டி காபி கொண்டுவருவார். கொல்லைச் சுவரில் ஒரு மாடம். அதில் ஒரு பித்தளை டம்ளர், பக்கவாட்டில் கொஞ்சம் நசுங்கியது. அப்பா அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்பார். பாட்டி டவராவை உயரத் தூக்கி, விளிம்பில் படாமல் ஊற்றுவார். அப்பா அண்ணாந்து குடித்து, கிணற்றடியில் கழுவி, மறுபடி மாடத்தில் கவிழ்த்து வைப்பார். கிளம்பும்போது திரும்பிப் பார்த்தால், பாட்டி டம்ளர் இருந்த இடத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்.

பாட்டி நல்லவர். என் தங்கைக்கு டைபாய்டு வந்தபோது இருபது நாள் ஆரோரூட் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனுப்பினார். அந்த வீட்டுப் பத்து வயதுப் பையன் அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். அப்பா அவனை 'வாங்க சின்ன ஐயரே' என்பார். அப்பாவுக்கு அப்போது நாற்பது.

'ஏம்ப்பா நம்ம டம்ளர் மட்டும் வெளியில இருக்கு?' என்று ஒருநாள் கேட்டேன். 'அது எனக்குன்னே வச்சிருக்காங்கடா' என்றார். அவர் குரலில் வருத்தமே இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கோபம் எனக்கு வந்தது. அதுவும் அன்றைக்கு இல்லை, ஹைஸ்கூலில் சேர்ந்த பிறகு. அதே சின்ன ஐயர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, என் கணக்கு நோட்டை வாங்கிக் காப்பியடித்துவிட்டு, என் தண்ணீர்ச் சொம்பை மட்டும் தொடாமல் இருந்தபோது வந்தது. தமிழ்நாட்டில் இந்தக் கோபத்தின் வழியும் ஏறக்குறைய இதேதான் என்று நினைக்கிறேன். வயலில் நின்றவனைவிட, படித்துவிட்டு ஊரைவிட்டு வந்தவனுக்குத்தான் டம்ளர் அதிகமாக உறுத்தியது.

கேள்வி: இதெல்லாம் வெள்ளைக்காரன் மூட்டிவிட்ட சண்டை, உத்தியோகம் கிடைக்காத ஜமீன்தார்களும் முதலியார்களும் ஆரம்பித்தது என்கிறார் என் நண்பர். உண்மையா? (வாசகர், மதுரை)

பதில்: கால்வாசி உண்மை. பிராமணரல்லாதாருக்காக ஆரம்பித்த ஜஸ்டிஸ் கட்சியில் பெரிய மனுஷர்கள் அதிகம், வெள்ளைக்காரனுக்கும் அது சௌகரியமாக இருந்தது. ஆனால் இல்லாத நெருப்பை ஊத முடியாது. 1912-ல் சென்னை மாகாணத்தில் சப் ஜட்ஜுகள் 18 பேர், அதில் 15 பேர் பிராமணர். ஜில்லா முன்சீப்கள் 128 பேரில் 93 பேர். ஜனத்தொகையில் பிராமணர் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் இருந்தார்கள். 1916 டிசம்பரில் அந்தக் கட்சித் தலைவர்களில் ஒருவரான பிட்டி தியாகராயச் செட்டியார் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கையும் இந்தக் கணக்கைத்தான் பேசியது: மாகாணத்தின் 4 கோடியே 15 லட்சம் பேரில் 4 கோடிக்குக் குறையாதவர்கள் நாங்கள், எங்கள் பங்கு எங்கே என்று.

இதில் சூழ்ச்சி என்று ஒன்றும் வேண்டியதில்லை. பரம்பரையாக ஏடும் எழுத்தும் புழங்கிய வீடுகள், வரியில்லாமல் இறையிலியாக வந்த நிலம், பையனைப் பட்டணத்துக்கு அனுப்பினால் தங்கிப் படிக்க ஒரு சொந்தக்காரர் வீடு. இங்கிலீஷ் படிப்பு வந்ததும் முதல் வண்டியில் ஏறிவிட்டார்கள். ஏறியவர்கள் பக்கத்து ஊர்க்காரனுக்கு இடம் போட்டு வைக்கவில்லை, தம்பிக்கும் மச்சானுக்கும் போட்டார்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். பின்னாளில் மற்ற ஜாதிகளும் அதைத்தான் செய்தன. எங்கள் தபால் ஆபீஸில் நானே பார்த்திருக்கிறேன்.

உங்கள் நண்பரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். அந்தக் காலத்து நீதிமன்றங்கள் இந்து சட்டத்தை நான்கு வர்ணக் கணக்கில் பார்த்தன. நிலபுலன் உள்ள வேளாளரும் செட்டியாரும் வாரிசு வழக்கு, தத்து வழக்கு என்று கோர்ட்டுக்குப் போனால், பெரும்பாலும் 'சூத்திரர்' என்ற தலைப்பின்கீழ் தீர்ப்பு வரும். வீட்டில் பண்ணையார், கச்சேரியில் சூத்திரர். அந்தத் தீர்ப்பை எழுதும் முன்சீப் யார் என்பதற்குத்தான் மேலே எண்ணிக்கை இருக்கிறதே.

சி. நடேச முதலியார் என்ற டாக்டர் 1910-களில் திருவல்லிக்கேணியில் பிராமணரல்லாத மாணவர்களுக்காக ஒரு விடுதி நடத்தினார். காரணம் எளிது. ஊரிலிருந்து படிக்க வந்த பையனுக்குச் சோறும் தங்க இடமும் கிடைப்பது ஜாதியைப் பொறுத்து இருந்தது. அறிக்கையில் உத்தியோகக் கணக்கு இருக்கிறது, ஆனால் அதற்குப் பின்னால் ஒரு சாப்பாட்டு இலை இருக்கிறது.

கேள்வி: சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பையன்கள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்கா அத்தனை அமர்க்களம்? (வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: ஆமாம், அதற்குத்தான். தாமிரபரணித் தண்ணீர் குடிக்கிற நீங்களே இப்படிக் கேட்கலாமா?

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. வ.வே.சு. ஐயர் 1922-ல் ஆரம்பித்த தேசியப் பள்ளி அது. லண்டனில் சாவர்க்கரோடு இருந்தவர், புதுச்சேரியில் பாரதியோடு இருந்தவர். பணம் எல்லா ஜாதியிலிருந்தும் வந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி 5,000 கொடுத்தும் விட்டது. அப்புறம்தான் வெளியே தெரிந்தது, இரண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனிப் பந்தி என்று. ஐயர் சொந்த வாழ்க்கையில் ஜாதி பார்த்தவர் இல்லை. பையன்களின் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், மீற முடியாது என்றார். காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான வரதராஜுலு நாயுடு எதிர்த்து எழுதினார், காங்கிரஸ் செயலாளராக இருந்த ஈ.வெ.ரா. மீதிப் பணத்தைத் தர மறுத்தார், பஞ்சாயத்து காந்தி வரைக்கும் போனது. இருக்கிற இருவரும் அப்படியே இருக்கட்டும், இனிச் சேருகிறவர்கள் சேர்ந்து சாப்பிடட்டும் என்பதாக ஒரு சமரசம் அவர் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. 1925 ஜூன் 3-ஆம் தேதி பாபநாசத்தில், அருவியில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றப் போய் ஐயரும் போய்ச் சேர்ந்தார். அந்த நவம்பரில் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டில், ஜாதிவாரியாக இடம் ஒதுக்கக் கேட்கும் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் எடுபடாமல் போக, ஈ.வெ.ரா. வெளியேறினார்.

எனக்கு ஐயர் மேல் மரியாதை உண்டு. இருந்தாலும் நினைத்துப் பாருங்கள். ஜாதி பார்க்காத மனுஷர், தேசத்துக்காக நாடு நாடாக ஓடினவர், அவராலேயே இரண்டு இலையை நகர்த்திப் போட முடியவில்லை என்றால், மற்றவர்கள் மேல் என்ன நம்பிக்கை வரும்? அன்றைக்குப் பலருக்கு விட்டுப்போனது அந்த நம்பிக்கைதான்.

கேள்வி: 'பார்ப்பான்' என்பது வசைச்சொல்லா? (வாசகர், சேலம்)

பதில்: குறுந்தொகையில் தலைவன் தன் தோழனை 'பார்ப்பன மகனே' என்று கூப்பிட்டு, நீ படித்த எழுதாத மறையில் பிரிந்தவர்களைச் சேர்த்து வைக்கும் மருந்து உண்டா என்று கேட்கிறான். கிண்டல் இருக்கிறது, வசை இல்லை. இன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் அதே சொல்லைச் சொன்னால் குறுந்தொகையை நினைத்துக்கொண்டு சொல்லவில்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கேள்வி: தமிழ்நாட்டில் மட்டும் ஏன் இந்த நோய்? (வாசகர், பெங்களூரு)

பதில்: நீங்கள் இருக்கிற ஊரிலேயே விசாரித்திருக்கலாம். பிராமணரல்லாதார் கோரிக்கையை ஆராய மைசூர் மகாராஜா 1918-ல் மில்லர் தலைமையில் கமிட்டி போட்டார். புனேயில் ஜோதிராவ் பூலே பிராமண ஆதிக்கத்தை எதிர்த்து சத்யசோதக் சமாஜம் ஆரம்பித்தது 1873-ல், நம் ஊர் ஆட்களுக்கு நாற்பது வருடம் முன்னால். காந்தியைக் கோட்சே கொன்ற பிறகு, அவன் ஜாதி என்ற ஒரே காரணத்துக்காக, மகாராஷ்டிரத்தில் சித்பவன் பிராமணர் வீடுகளைத் தேடித் தேடிக் கொளுத்தினார்கள். இவ்வளவு மேடைப் பேச்சுப் பேசிய தமிழ்நாட்டில் அது நடக்கவில்லை.

கேள்வி: இட ஒதுக்கீட்டால்தானே பிராமணர்கள் ஊரைக் காலி செய்தார்கள்? செண்பகம் துரைராஜனுக்கு நடந்த அநியாயத்தை மறந்துவிட்டீர்களா? (வாசகர், மேற்கு மாம்பலம்)

பதில்: மறக்கவில்லை. வகுப்புவாரி அரசாணை 14 இடத்தில் 6 பிராமணரல்லாத இந்துக்களுக்கு, 2 பிற்பட்ட இந்துக்களுக்கு, 2 பிராமணருக்கு, 2 அரிஜனங்களுக்கு, கிறிஸ்தவர், முஸ்லிம்களுக்கு ஆளுக்கு ஒன்று என்று பிரித்திருந்தது. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது என்று செண்பகம் துரைராஜன் வழக்குப் போட்டார். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. அவர் விண்ணப்பமே போடவில்லை என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது, அது வேறு விஷயம். அதே வருடம் இட ஒதுக்கீட்டுக்கு வழிவிட்டு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது.

இரண்டு இடத்துக்காகக் காத்திருந்த, நல்ல மார்க் வாங்கிய பிராமணப் பையனுக்கு அது வலித்திருக்கும். அந்த வலியை நான் சின்னதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஊர் காலியானதற்கு அது ஒன்றே காரணம் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் ஊர் அக்கிரகாரத்தில் நான் பிறக்கும்போதே பாதி வீட்டில் ஆண்பிள்ளைகள் டெல்லியிலும் பம்பாயிலும் இருந்தார்கள். பெண்களின் கல்யாணத்துக்கு இரண்டு மா, நாலு மா என்று விற்றார்கள். 1955-ல் குத்தகைதாரரை வெளியேற்றக் கூடாது என்று சட்டம், 1956-ல் நியாய வாடகைச் சட்டம், 1961-ல் உச்சவரம்பு. பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு ஊர் நிலத்தில் பலன் எடுப்பது கட்டுப்படியாகாமல் போயிற்று. அந்த ஆறு மாவில் இரண்டு மாவை அப்பாவே வாங்கினார். பத்திரம் எழுதிய அன்று அம்மா பாயசம் வைத்தார்.

கேள்வி: பிராமணர்கள் போய்விட்டார்களே, உங்கள் ஊரில் ஜாதி போயிற்றா? (வாசகர், திருத்துறைப்பூண்டி)

பதில்: எதிர்பார்த்த கேள்விதான். எதிர்பார்த்த ஊரிலிருந்துதான் வந்திருக்கிறது.

பாயசம் வைத்த அதே அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் வயலில் உழைக்கச் சேரியிலிருந்து ஒருவர் வருவார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வாய்க்கால் தாண்டியவர். நாங்கள் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டோம், நான் உட்பட. எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கக் கூரை விளிம்பில், எறவாணத்தில், ஒரு கொட்டாங்குச்சி செருகியிருக்கும். அவருக்குக் கஞ்சித் தண்ணீர் அதில்தான். அம்மாவும் உயரத் தூக்கித்தான் ஊற்றுவார், பாட்டியைப்போலவே.

மாடத்து டம்ளருக்காக ராத்திரி தூக்கம் வராமல் புரண்ட பையன் நான். தினமும் கண்ணெதிரே இருந்த கொட்டாங்குச்சி என் கண்ணில் பட எத்தனை வருடம் ஆயிற்று தெரியுமா? வேலைக்குச் சேர்ந்து, வேறு ஊருக்கு மாற்றலாகி, என்னோடு வேலை பார்த்த சேரிப் பையன் ஒருவர் தன் தாத்தா கதையைச் சொன்ன பிறகுதான் பட்டது. அவர் கதையில் அக்கிரகாரம் வரவே இல்லை. எங்களைப் போன்ற வீடுகள்தான் வந்தன. அவர் யாரையும் குத்திக்காட்டவில்லை, டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1921-ல் மில் வேலைநிறுத்தத்தின்போது ஜாதி இந்துக்களுக்கும் ஆதிதிராவிடர்களுக்கும் மூண்ட புளியந்தோப்புக் கலவரத்துக்குப் பிறகு, ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா ஜஸ்டிஸ் கட்சியோடு மனம் கசந்து, 1923-ல் வெளியேறினார். பிராமணரல்லாதார் என்ற குடையின் கீழ் தங்கள் ஜனங்களுக்கு இடமில்லை என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. உங்கள் ஊர்ப் பக்கமே இருக்கிறது கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி கேட்டதிலிருந்து வளர்ந்த பகை. முக்கியக் குற்றவாளியாகச் சொல்லப்பட்ட மிராசுதார் நாயுடு. கடைசியில் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார். டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்தவர்களும் பூணூல் போட்டவர்கள் இல்லை.

அதனால் யாராவது என்னிடம் வந்து பிராமணரை மட்டும் திட்டிவிட்டு ஜாதி ஒழிப்புப் பேசினால், உங்கள் வீட்டு எறவாணத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டுவிடுவேன். அதனாலேயே என்னைக் கூட்டங்களுக்குக் கூப்பிடுவது குறைந்துவிட்டது. 'அவங்களும்தானே செஞ்சாங்க' என்று சொல்லிப் பாட்டியின் டம்ளரைத் துடைத்து உள்ளே வைக்கப் பார்ப்பவர்களும் வருவார்கள். அவர்களுக்கும் நான் சரியான ஆள் இல்லை.

கேள்வி: பூணூலை அறுப்பது போராட்டமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: ரவுடித்தனம். 2018 மார்ச்சில் பெரியார் சிலைகளைப் பற்றி ஒருவர் போட்ட பதிவுக்குக் கோபப்பட்டு, சென்னையில் மோட்டார் சைக்கிளில் வந்து தெருவில் போன வயசானவர்களின் பூணூலை அறுத்தார்கள். பதிவு போட்டவரை விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகிற கிழவரைப் பிடிப்பதில் என்ன வீரம் இருக்கிறது? 1957-ல் திருவல்லிக்கேணி ஓட்டல் ஒன்றின் முன்னால் 'பிராமணாள்' என்ற எழுத்தை அழிக்க வேண்டும் என்று மாதக் கணக்கில் மறியல் செய்தார்கள். தினமும் சிலர் போவார்கள், கைதாவார்கள், மறுநாள் வேறு சிலர் போவார்கள். போர்டில் இருந்த எழுத்தோடு சண்டை. அது போராட்டம்.

கேள்வி: பெரியாருக்கு பிராமணர்களோடு நட்பே கிடையாதா? (வாசகி, ஈரோடு)

பதில்: 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது சுடுகாட்டில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அழுதவர் யார் என்று உங்கள் ஊரிலேயே கேளுங்கள்.

கேள்வி: போன இதழில் நீங்கள் சொன்ன அந்த அக்கிரகாரத்து வீட்டுக்காரர்கள் இப்போது எங்கே? (வாசகர், திருவையாறு)

பதில்: பக்கத்து ஊர்க்காரர் என்பதால் கேட்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன்.

பாட்டி போன மறுவருடம், 1963-ல், அவர்கள் பட்டணம் போனார்கள். வீட்டை உடனே விற்க மனசு வரவில்லை. சாவியை அப்பாவிடம் கொடுத்தார் வீட்டுக்கார ஐயர். 'வெள்ளிக்கிழமை ஒரு விளக்கு மட்டும் ஏத்திடு, மத்தபடி நீ பாத்துக்கோ' என்றார். இரண்டு வருடம் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குளித்துவிட்டு, சாவியையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு அப்பா போவார். சந்து வழியாக இல்லை, இப்போது வாசல் வழியாக. கதவைத் திறந்து, வாசலை ஒட்டிய நடையான ரேழியில் நின்று, அங்கேயே மாடத்தில் விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பிவிடுவார். ஒருநாள் நானும் போனேன். கல்லூரியில் முதல் வருடம், தலை முழுக்கச் சுயமரியாதை. கூடத்துக்குள் நேராக நடந்து போய் ஊஞ்சலில் உட்கார்ந்தேன், சங்கிலி கிறீச்சிட்டது. 'வாப்பா, உள்ள வந்து பாரு' என்று கூப்பிட்டேன்.

அப்பா ரேழியிலேயே நின்றார். யாருமே இல்லாத வீடு. சாவி அவர் இடுப்பில்.

'இருக்கட்டும்டா, கால்ல சேறு' என்றார். குளித்துவிட்டு வந்த கால்.